மணி கேட்காத தியானி

அப்பாவை நான் "செவிடு" என்று கத்தியது என் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்தில். தட்டு மாற்றும் நேரம். வாங்க வேண்டியவர் அப்பா. மூன்று முறை கூப்பிட்டேன், அவர் பாட்டுக்குப் பந்தி நடக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது முறை அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அப்பாவுக்கும் அது மட்டும் நன்றாகக் கேட்டது.

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மர்பி டவுனில் இரண்டே அறை உள்ள வீடு. சாப்பிட உட்காருவார், தலையை ஆட்டுவார், எழுந்து போவார். ஒன்றரை மாதம் இப்படியே ஓடியது. இனி என்னோடு பேசாமலே போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் அதையும் தெருவே கேட்கிற மாதிரி கத்தித்தானே கேட்க வேண்டும்!

அப்பா தங்கவயல் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் மெஷின் ஓட்டியவர். காது அங்கேயே போய்விட்டது. "உப்பு போதுமா" என்பதைக்கூட எங்கள் வீட்டில் கத்தித்தான் கேட்போம். கத்திக் கத்தி என் தொண்டையோடு குணமும் கெட்டுப்போயிற்று. நான் வாங்கி வந்த காது மெஷினை அவர் டப்பாவைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் போட்டிருந்தார்.

என் கோபத்துக்கு மருந்தாக, ஆபீஸ் தோழி ஒரு மௌன தியான முகாமைச் சொன்னாள். கனகபுரா ரோட்டில், மூன்று நாள். ஃபாரத்தை நிரப்பி மேஜையில் வைத்திருந்தேன். அப்பா அதைப் படித்துவிட்டுத் தன் ஆதார் கார்டை அதன்மேல் வைத்தார். என்னோடு பேசாமலிருக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தாரோ என்னவோ.

முகாமில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மணி அடித்தால் கண் மூட வேண்டும், மறுபடி அடித்தால் திறக்கலாம். முதல் நாள் இரண்டாம் மணி அடித்ததும் எல்லோரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தோம். அப்பா எழவில்லை. அடுத்த முறையும் அப்படியே. மறுநாள் காலை, கூட வந்தவர்கள் அவரைச் சுற்றி நுனிக்காலில் நடந்தார்கள். ஐ.டி. கம்பெனி டீ-ஷர்ட் போட்ட ஒருவர் தூரத்திலிருந்து கும்பிட்டே விட்டார். பெரிய தியானியாம்! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று டீ நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. எல்லோரும் குடித்து முடித்தபின் அப்பா வந்தார். டிரம்மின் குழாயைத் திருகிப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். டீ இல்லாமல் இருக்கவே முடியாதவர். யாரிடமும் ஜாடையாகக்கூடக் கேட்கவில்லை. வீட்டிலும் அவர் "என்ன சொன்னே?" என்று இரண்டாம் முறை கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டால் நான் கத்துவேனே. வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

அடுத்த முறை மணி அடித்ததும் நேராக ஆண்கள் பக்கம் போனேன். குனிந்து, ஒரு விரலால் அவர் மணிக்கட்டைத் தொட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தார். வகுப்பு நடத்திய அம்மா முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசி நாள் வரை ஒவ்வொரு மணிக்கும் போனேன். அவர் ஒரு டீயைக்கூடத் தவறவிடவில்லை.

மௌனம் முடிந்ததும், எழாமல் உட்காருவது எப்படி என்று அந்த டீ-ஷர்ட்காரர் அவர் காதருகே வந்து பணிவாகக் கேட்டார்.

"மணி கேக்கலப்பா, வேற ஒண்ணுமில்ல. அப்புறம் என் பொண்ணு வந்து எழுப்புச்சு," என்றார் அப்பா.

"என் பொண்ணு" என்றார். எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஆனால் மறுநாள் காலை வீட்டில் அப்பா அடுப்படிக்கு வந்து என் தோளை ஒரு விரலால் தொட்டார். கையில் காது மெஷின் டப்பா. வழக்கம்போலக் கத்த வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டு, அதை எடுத்து அவர் காதில் மாட்டி, பட்டனைத் திருகினேன்.

"மன்னிச்சுக்கப்பா," என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

அப்பா முகத்தைச் சுளித்தார்.

"அதுக்கு ஏம்மா இப்படிக் கத்தற?" என்றார்.