சுந்தரேசன் முதலாளி என் மேசைக்கு வந்த நாள்

சுந்தரேசன் முதலாளி போய்விட்டார். இன்று காலை, கரமனை வீட்டில்.

வியாபாரிகள் குரூப்பில் எல்லாரும் கைகூப்பும் எமோஜி போடுகிறார்கள். என்னால் போட முடியவில்லை... அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை வரவேண்டியிருந்தது. "நீ செஞ்சதுதான் சரி" என்று. சொல்லாமலே போய்விட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாலை பஜாரில் இன்று நான் கீபோர்டு, மவுஸ் விற்கிறேன். வள்ளியூரிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து முதலில் வேலைக்கு நின்றது அவர் கடையில்.

கண்ணாடி அலமாரி, அதற்கு ஒரு பூட்டு. கீபோர்டு எல்லாம் சீல் போட்ட பெட்டியில். யாரும் தொடக் கூடாது. படத்தைப் பார், எடுத்துக்கொண்டு போ.

மெக்கானிக்கல் கீபோர்டு என்று யார் கேட்டாலும் ப்ளூ சுவிட்ச்தான் எடுத்து நீட்டுவார். ஒவ்வொரு கீயும் டக் டக் என்று சத்தம் போட்டு, விரலை எதிர்த்து இறங்குகிற வகை. சத்தமில்லாமல் இறங்குகிற ரெட், பாதி வழியில் விரலுக்கு லேசாக ஒரு தட்டு தெரிகிற பிரவுன்... எல்லாம் உள்ளேயே இருக்கும். வாய் திறக்க மாட்டார்.

"கஸ்டமருக்கு என்னடா தெரியும்? சத்தம் கேட்டாத்தான் மெக்கானிக்கல்னு நம்புவான்."

வஞ்சியூரில் வக்கீல்களுக்கு டைப் செய்து கொடுக்கிற சேச்சி ஒருவர் வந்தார். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. "மோனே, மெல்லெத் தொட்டால் மதி... அங்ஙனெ ஒண்ணு உண்டோ?" மெல்லத் தொட்டாலே போதும், அப்படி ஒன்று வேண்டுமாம்.

ஒரு ரெட் சுவிட்ச் பெட்டியைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். இரண்டு வரி அடித்தார். முகம் தெளிந்துவிட்டது. அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"டேய் பாண்டி! சீலு பொட்டிக்கான் ஆருடா பறஞ்ஞது?"

வீட்டில் தமிழ் பேசுகிற மனுஷன். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். ஆனால் கஸ்டமர் முன்னால் அவர் மலையாளி, நான் பாண்டி... இங்கே தமிழனை இளக்காரமாகக் கூப்பிடுகிற பேர்.

சீலைப் பிரித்ததற்காக அன்றைக்கே வெளியே போகச் சொன்னார். சேச்சி கையில் ப்ளூ சுவிட்சைக் கொடுத்து அனுப்பினார்.

அந்த ஆத்திரத்தை முதலாகப் போட்டுத்தான் கடை திறந்தேன். வேறெங்கும் இல்லை... அவர் கடைக்கு நேர் எதிரே.

நீள மேசை. கீபோர்டு எல்லாம் திறந்து, வயர் சொருகித் தயாராக. யார் வேண்டுமானாலும் வந்து தட்டலாம்.

சீக்கிரமே ஒன்று புரிந்தது. தட்டிப் பார்க்கச் சொன்னால் எல்லாரும் ஒற்றை விரலில் ஹலோ என்று அடிப்பார்கள். அது பொய்க் கை. வீட்டுக்குப் போனதும் கை மாறிவிடும், கீபோர்டு பிடிக்காமல் போய்விடும்.

அதனால் என் கடையில் ஒரு வழக்கம். "உங்களுக்குப் பிடிக்காத ஆளைப் பத்தி நாலு வரி அடிங்க. நான் பார்க்க மாட்டேன்." ஸ்கிரீனை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, கையை மட்டும் பார்ப்பேன். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம்... கோபத்தில்தான் நிஜக் கை வெளியே வரும்.

கழக்கூட்டத்து ஐ.டி. தம்பி ஒருவர் தன் டீம் லீடைப் பற்றி ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "அண்ணாச்சி, ஒரு பேஜ் கூடி..." என்று இன்னும் ஒரு பக்கம் கேட்டுக் கெஞ்சினார். பிரவுன் கொடுத்தேன். இன்றும் அதுதான் அவருக்கு.

முதலாளியின் கஸ்டமர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து வந்தார்கள். வஞ்சியூர் சேச்சிதான் முதலில். முதலாளி தன் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். பார்க்கட்டும் என்றுதான் மேசையை வாசல் ஓரமாகப் போட்டிருந்தேன்.

கடைசியில் அவர் கடை, மொபைல் கவர் விற்கிறவர் கைக்குப் போனது. அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன்.

போன வருஷம் அவர் மகள் வந்தார். அப்பாவுக்கு ஸ்ட்ரோக், வலது கை எழும்பவில்லை. இடது கைக்கு ஏற்றபடி ஒரு கீபோர்டும் மவுஸும் வேண்டும். "ரெசிடென்ட்ஸ் குரூப்புல யாரையாவது திட்டலேன்னா அப்பாவுக்குச் சோறு எறங்காது அண்ணா."

"கை வராம நான் கொடுக்கறதில்லம்மா. அப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

"படி ஏற முடியாதே..."

"மேசையைத் தெருவுல எறக்குறேன்."

எல்லாருக்கும் உள்ள ரூல்தான். ஆனால் அன்று அதைச் சொன்னபோது நாக்கில் இருந்த ருசி வேறு.

வந்தார். தெருவில் நாற்காலி போட்டு, அவருடைய பழைய கடையைப் பார்த்தபடி உட்கார வைத்தேன். லோடு இறக்குகிறவர்கள், டீக்கடைக்காரர் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

முதலில் ஒரு பெரிய மவுஸ். "இதெந்தா, தேங்ஙயோ?" என்று தள்ளிவிட்டார். வலது கைக்கென்று வளைந்ததெல்லாம் அவருக்கு ஆகாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற சின்னது ஒன்று உள்ளங்கையில் அடங்கியது.

கீபோர்டில் முதலில் ப்ளூவைத்தான் வைத்தேன். வேண்டுமென்றே. அவர் விரல் பாதியில் நின்றுவிட்டது. தெரு முழுக்கப் பார்த்தது. பிறகு ரெட்டை வைத்தேன்... விரல் தானாக இறங்கியது.

"பிடிக்காத ஆளைப் பத்தி நாலு வரி அடிங்க முதலாளி."

ஒற்றைக் கையால் மெதுவாக அடித்தார். ஆனால் நிறுத்தவில்லை. நாலு வரியைத் தாண்டியிருக்கும். அப்புறம் பேக்ஸ்பேஸை அமுக்கிப் பிடித்து எல்லாவற்றையும் அழித்தார்.

"இது போதும்." தமிழில் சொன்னார். அத்தனை பேர் முன்னால்.

நான் விடவில்லை. "அன்னிக்கு நான் சீலைப் பிரிச்சது சரிதானே முதலாளி?"

"அடிச்சது உன்னைப் பத்தித்தாண்டா."

"என்ன அடிச்சீங்க?"

"பார்க்க மாட்டேன்னு சொன்னது நீதானே?"

தெருவே சிரித்தது. மகளும் சிரித்தார். நான் பில் போட்டேன், உள்ளே எரிந்துகொண்டே. மேடை கட்டிக் கொடுத்தது நான்... கைதட்டு வாங்கிக்கொண்டு போனவர் அவர்.

சற்று முன் மகள் போன் செய்தார். மதியத்துக்கு மேல் எடுக்கிறார்களாம். "நீங்க வரணும் அண்ணா. நேத்து வரைக்கும் அந்தக் கீபோர்டுலதான்..."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பூமாலையோடு போவேன். தலைமாட்டில் நின்று இன்னொரு தடவை கேட்பேன், நான் செய்தது சரிதானே என்று. இந்தத் தடவை அவரால் பேச்சை மாற்ற முடியாது.

போய்ச் சேருங்கள் முதலாளி. நான் இன்னும் விடவில்லை.