பிடிமண்ணில் ஒரு வண்டி

தசராக் கண்காட்சிப் படத்துக்காகக் காவிக்கல்லை நீர்விட்டு அரைத்தேன். ஈரமண் வாசனை எழுந்ததும் கை நின்றுவிட்டது.

அப்போது எனக்கு ஆறு வயது. மழை பொய்த்ததால் அப்பா பங்காளிகளைக் கேட்காமல் நிலத்தை விற்றுவிட்டு, கொள்ளேகாலிலிருந்து எல்லை தாண்டி இந்த மகாராஜா சீமைக்கு வண்டி கட்டினார். இங்கே சாமிமேடை எழுப்புவதற்காகக் குலதெய்வக் கோயிலின் செம்மண்ணை ஒரு பிடி மஞ்சள் துணியில் முடிந்து வந்திருந்தார். மண்டி மொஹல்லா வாடகை அறையில் நான் அதைத் தண்ணீரில் குழைத்து, நாங்கள் வந்த வண்டியைச் சுவரில் வரைந்துவிட்டேன்.

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "சாமி மண்ணக் கரைச்சுப்போட்டாளேங்க. திரும்பப் போயி எடுத்தாரலாங்களா?"

"அந்த ஒரு பிடிக்கே பங்காளிக கால்ல விழுந்தேன். இனி கோயில் வாசல்லகூட நிக்க விடமாட்டாங்க."

என்னை அப்பா அடிக்கவில்லை. தோசைக்கரண்டியால் சுவரைச் சுரண்டினார். மாடுகள் போயின, சக்கரங்கள் போயின. துணியில் சேர்ந்ததில் பெரும்பகுதி சுண்ணாம்பு. சாகும்வரை அதைத்தான் கும்பிட்டார்.

என் படங்கள் எல்லாவற்றிலும் சுரண்டிய தழும்பு ஒன்று இருக்கும். பார்ப்பவர்கள் அர்த்தம் கேட்பார்கள், நான் சொல்வதில்லை.

இன்றும் வண்டியை வரைந்து முடித்தேன். காய்வதற்குள் அதே கரண்டியைக் கையில் எடுத்தேன்.