கிழித்துக் கொடுத்த கடன் பத்திரங்கள்

நிதிக் கல்வி குறித்துப் பேச அழைக்கப்படும் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். புதிய நிறுவனங்களில் கோடிகளை முதலீடு செய்யும் ஒரு பெண், சனிக்கிழமைதோறும் ஜவ்வாது மலையேறிக் கடன் பத்திரம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது ஏன்? சமூகக் கடமை என்பேன். கைதட்டுவார்கள். உண்மையான பதில், போளூரில் புளி மண்டி வைத்திருந்த ஒரு மனிதர். அவருடைய மண்டி ஒழிய வேண்டும் என்பதற்காகவே அந்த வகுப்பை நான் தொடங்கினேன்.

பேருந்து நிலையத்துக்கு அருகில் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடன் வாங்கி ஒரு கலர் இயந்திரத்தை இறக்கிய அன்று, முதல் பிரதியாக மாதா படத்தை எடுத்து, சூடு ஆறுவதற்குள் அம்மாவின் கையில் கொடுத்தார். வெளியே வரும் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்த முகத்தை இப்போதும் என்னால் கோபமின்றி நினைக்க முடிகிறது. மண்டிக்காரர் அவ்வப்போது ஒரு கட்டுப் புரோநோட்டுகளோடு, தான் கொடுத்த கடன்களின் பத்திரங்களோடு, வருவார். ரெவின்யூ ஸ்டாம்பும் அதன்மேல் விழுந்த கைரேகையும் அசலைப் போலவே வர வேண்டும் என்பார். பிறர் தாளைப் படிப்பது மரியாதையில்லை என்று நம்பிய அப்பா, எதற்கென்று கேட்டதில்லை.

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்து ஊர்களில் அந்த மண்டிக்காரர்தான் புளி விளைச்சலின் மேல் முன்பணம் கொடுத்துவந்தார். கடன் தீர்ந்தால், ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னிலையில் கடன் கொடுத்தவரே பத்திரத்தைக் கிழித்துக் கொடுப்பார். அந்த வீட்டுப் பெண் துண்டுகளை அன்றே அடுப்பில் போட்டுவிடுவாள். தீர்ந்த கடனின் தாளை வீட்டில் வைத்திருப்பது கொடுத்தவரைச் சந்தேகிப்பதாகும் என்று எண்ணிய மக்கள் அவர்கள். ஆனால் மண்டிக்காரர் கிழித்துக் கொடுத்ததெல்லாம் எங்கள் கடையில் எடுத்த பிரதிகள். அசல்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அடுத்த பருவத்தில் இன்னும் பாக்கி இருப்பதாகச் சொல்லி, கோர்ட்டைக் காட்டி மிரட்டி, தன் விலைக்கே புளியை அள்ளிக்கொண்டு போவார். கிழித்தது வேறு தாள் என்று காட்டுவதற்கு எவரிடமும் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அவர்களே எரித்திருந்தார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் எரியவில்லை. அடைமழையில் விறகு நனைந்துபோயிருந்தது. துண்டுகளைக் கூடையில் போட்ட அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஸ்டாம்பு வழவழவென்றிருந்தது உறுத்தியிருக்கிறது. துண்டுகளைச் சோற்றுப் பசையால் ஒட்டி எடுத்துக்கொண்டு, பாதி வழி நடந்தும் பாதி வழி ஜீப்பிலுமாகப் போளூருக்கு வந்தாள். தாளைப் பற்றித் தெரிந்தவர் ஜெராக்ஸ்காரர்தான் என்று யாரோ சொல்ல, நேராக எங்கள் கடைக்கே வந்துவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா தாளைத் தடவியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் விரல் நின்றதை நான் பார்த்தேன்.

“தெரியலம்மா” என்றார்.

மறுநாள் மண்டிக்குப் போய்க் கேட்டிருக்கிறார். எடுத்துக் கொடுத்தது நீதானே, போலீசிடம் போனால் முதலில் உன் கடைக்குத்தான் வருவார்கள் என்று சிரித்தாராம் அந்த மனிதர். அப்பா அந்த ஆண்டே இயந்திரத்தை விற்றார். அதன்பின் இறக்கும்வரை எந்தத் தாளையும் அவர் கன்னத்தில் வைத்து நான் பார்க்கவில்லை.

நான் படித்தேன். சென்னையில் முதலில் வங்கி, பிறகு முதலீட்டு நிறுவனம். இளைஞர்கள் திரையில் காட்டும் கனவுகளைக் கேட்டு, எதில் பணம் போடலாம் என்று முடிவெடுத்து, ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்கும் தொழில். அந்தக் காத்திருப்பு எனக்குப் பொருந்தியது. பி.டி.எஃப். அனுப்பினால் போதாதா மேடம் என்று அலுத்துக்கொள்பவர்களிடமும் அசல் பத்திரத்தைக் கேட்பேன். என் கறார் அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆலங்காயம் பக்கம் புளி பதப்படுத்தும் ஒரு சிறிய நிறுவனத்தில் பணம் போட வேண்டுமென்று ஒருமுறை என் பங்குதாரர்களோடு மூன்று மாதம் வாதிட்டேன். கிராமப்புறச் சந்தை, வளர்ச்சி வாய்ப்பு என்றெல்லாம் அட்டவணை போட்டுக் காட்டினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: மலையிலேயே, எடை காட்டி உடனே காசு கொடுக்கும் ஒரு கொள்முதல் நிலையம். அந்த மனிதரின் மூட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைய வேண்டும். அந்த முதலீட்டில் லாபம் சுமார்தான். அதைப் போல என்னை மகிழ்வித்த முதலீடு வேறில்லை.

வகுப்பில் சேமிப்பின் மகிமை பேசவில்லை. ஸ்டாம்பின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள், ஒட்டிய ஸ்டாம்புக்கு விளிம்பு இருக்கும், அச்சிட்டதற்கு இருக்காது என்பதே முதல் பாடம். அன்று துண்டுகளை ஒட்டி எடுத்துவந்த அந்தப் பெண், முதல் நாளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். நரைத்திருந்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

சென்ற புளிப் பருவத்தின் முடிவில் மண்டிக்காரர் கணக்குத் தீர்க்க வந்தார். ஊர்க்கவுண்டர் வந்தமர்ந்ததும், அவளுடைய பத்திரத்தை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். நான் பெண்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“இருங்க மொதலாளி. குடுங்க, நானே கிழிச்சிக்கறேன்.”

“இன்னாம்மா புதுசா கீது? எப்பவும் நான்தான கிழிக்கறது?”

“நீங்க கிழிச்சீங்க, நாங்க எரிச்சோம். இந்த வாட்டி கொஞ்சம் தொட்டுப் பாக்கறோம்.”

அவள் நகத்தால் நெருடினாள். பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். தாள் கைமாறிக்கொண்டே போயிற்று.

“ஒட்டாமயே ஒட்டிக்கினு கீது பாரு” என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது. அவர் முகம் வெளுத்ததைக் கடைசித் துளிவரை பருகினேன் என்றே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை ஆண்டுகள்.

அப்போது அவர் என்னைப் பார்த்தார்.

“நீ ஜெராக்ஸ்காரர் பொண்ணுதான? மொதமொத இத எடுத்துக் குடுத்ததே உங்கப்பாதான். அதச் சொல்லிக் குடுத்தியா இவங்களுக்கு?”

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு ஒட்டி எடுத்தாந்து காட்னனே, அப்ப தெரியுமா அவருக்கு?”

“தெரியும்.”

“உனக்கு?”

“அவர் விரல் நின்றதைப் பார்த்தேன். தெரியும்.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு, “அப்ப அதையும் எழுதிக் குடு” என்றாள்.

போலீசுக்கென்று நான் முன்பே எழுதி வைத்திருந்த புகாரில் அந்தப் பருவத்து மோசடி மட்டுமே இருந்தது. அப்பாவைத் தொடாமல் அந்த மனிதரை வீழ்த்தும்படி அதை அமைத்திருந்தேன். ஆனால் அவர்கள் இழந்த பழைய ஆண்டுகளுக்குச் சாட்சி வேறெங்கும் இல்லை. என்னிடம் மட்டுமே இருந்தது. அன்று மாலை போளூர் வீட்டில் உட்கார்ந்து, இயந்திரம் வந்த நாளிலிருந்து “தெரியலம்மா” வரை எழுதினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“உங்கப்பா பேர இதுல எழுதறதுக்குத்தான் அவ்ளோ படிச்சியா?”

கையெழுத்திட்டுக் காவல் நிலையத்தில் கொடுத்தேன். மற்ற ஊர்களும் புகார் கொடுத்தன. மண்டி மூடியாயிற்று. பூட்டிய ஷட்டரின் முன்னால் காரை மெதுவாக ஓட்டச் சொல்லி இரண்டு முறை கடந்துபோனேன். அவருக்காக நான் இரங்கவில்லை. இனியும் இரங்கப் போவதில்லை.

ஞாயிறுதோறும் என்னோடு மாதா கோயில் பூசைக்கு வந்த அம்மா இப்போது தனியாகப் போகிறார். எனக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு, தான் முன்பே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்கிறார்.