கூட்டத்துக்கு முன்பே போன செய்தி

நூலக நண்பர்கள் மன்றத்தில் நாங்கள் நாற்பது பேர். அதில் பதினாறு பேர் பொறுப்பாளர்கள். புரவலர், கௌரவ ஆலோசகர், துணைத் தலைவர், துணைத் தலைவருக்கு ஒரு துணை என்று எல்லாம் உண்டு. நூலகத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். அந்த மூவரில் நானும் ஒருவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள முடியாது. அட்டை இருந்தது, புத்தகம் எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்று இராஜபாளையத்தில் வீட்டோடு கிடந்த என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பொதுமக்களிடம் ஆதரவு திரட்டுவதுதான் நோக்கம் என்றார்கள். மாதம் ஒரு கூட்டம், நூலக மாடியில் உள்ள வாசிப்புக் கூடத்தில். அன்று காலையிலேயே மேஜைகளை இழுத்து ஓரங்கட்டி, படித்துக்கொண்டிருப்பவர்களை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் புத்தகம் படியுங்கள் என்று பேனர் கட்டுவோம். ஒருவருக்கும் கூசியதில்லை. சாயங்காலம் வருகைப் பதிவைக் காட்டி மிரட்டி மாணவர்களைக் கொண்டுவந்து நாற்காலிகளில் நிரப்புவார்கள். பாவம், அந்தப் பிள்ளைகள் மடியில் போனை வைத்துத் தேய்த்துக்கொண்டு, பால்கோவாவும் மிக்சரும் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்.

இதில் மகா கேவலமான வேலை என்னுடையதுதான். மாவட்டப் பக்கத்தில் செய்தி வர வேண்டுமானால் மதியம் இரண்டு மணிக்குள் நிருபர்கள் கைக்குப் போய்விட வேண்டும். கூட்டமோ ஐந்து மணிக்கு. அதனால், நடக்கப்போகிற கூட்டத்தை நடந்து முடிந்ததாகக் காலையிலேயே எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். இன்னார் குறிப்பிட்டார், இன்னார் கேட்டுக்கொண்டார், திரளானோர் கலந்துகொண்டனர். படம் மட்டும் பிறகு போகும். ஒருமுறை சிறப்பு விருந்தினர் வரவே இல்லை. மறுநாள் பேப்பரில் அவர் வாசிப்பின் பயனைப் பற்றி நான்கு வரி பேசியிருந்தார். என்னைப் போனில் கூப்பிட்டு, நல்லா வந்திருக்கு என்று நன்றி வேறு சொன்னார். மன்றத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணியை மடித்துப் பாக்கெட் போடும் வேலை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்த கையோடு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து வந்து, எட்டு மணிக்கு நூலகம் மூடும்வரை உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அவருக்கு வேண்டிய தடித்தடிப் புத்தகங்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அங்கேயே இருந்துதான் படிக்க வேண்டும். முந்தைய வருடம் இரண்டு பாடம் போய்விட்டது. இந்த முறையும் தேறாவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். இந்த நேரம் பார்த்து, அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து வெளியாட்களுக்கு நான்கு மணி வரைதான் அனுமதி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

நோட்டீஸின் முன்னால் அவர் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நானாகத்தான் போய்ப் பேசினேன். "அடுத்த கூட்டத்துக்குப் பல்கலைக்கழகப் பதிவாளரே வாராரு. வாசகர் குரல்னு உனக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்குறேன். மேடையில வச்சே கேளும்மா. அவரால மறுக்க முடியாது" என்றேன்.

"நெசமாவா சார்? நான் எழுதி வச்சுப் பேசுறேன் சார். கம்பெனில அரை நாள் பெர்மிஷன் கேட்டுக்கிடுதேன்" என்றார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மீதே எரிச்சல் வருகிறது.

கூட்டத்தன்று காலை வழக்கம்போலச் செய்தியை எழுதினேன். மாலை நேர வாசிப்பைத் தொடர வேண்டும் என்று வாசகி ஒருவர் கோரிக்கை விடுத்தார் என்று அவர் பெயரோடு ஒரு வரி. அனுப்பும் முன் மன்றத் தலைவருக்குக் காட்டுவது வழக்கம். அவர் ஒரு மில்லில் மேனேஜராக இருந்தவர். உடனே போன் வந்தது.

"அண்ணாச்சி, கோரிக்கைன்னு போடாதீக. பதிவாளர மேடையில வச்சுக்கிட்டு அது நல்லாவா இருக்கும்? மாலை நேர வாசிப்புக்கு நன்றி தெரிவித்தார்னு மாத்திருங்க."

"அந்தப் பிள்ள கேக்கப்போறது அதானே?"

"அவ பேசுறதப் பேசட்டும். பேப்பர்ல வாரது வேற. அடுத்த மாசமும் நமக்கு இந்த ஹால் வேணும்லா?"

மாற்றினேன். மேடையில் அவர் நேரில் கேட்கத்தானே போகிறார், பேப்பரில் என்ன வந்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு மணிக்கே அனுப்பியாயிற்று.

பதிவாளர் ஆறேகால் மணிக்கு வந்தார். பிறகு பொன்னாடை தொடங்கியது. எங்கள் மன்றத்தில் மேடையில் இருக்கும் எல்லோருக்கும் போர்த்த வேண்டும், போர்த்தியவருக்கும் இன்னொருவர் போர்த்த வேண்டும். போட்டோகிராபர், "முகம் மறைக்குது சார், திரும்பப் போத்துங்க" என்று சொல்ல, போர்த்தியதை உருவி மறுபடி போர்த்தினார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துகிற மாதிரி ஆளாளுக்கு மேடை ஏறினார்கள். வாழ்த்துரை ஏழு பேர். பதிவாளர் நாற்பது நிமிடம் பேசினார். இந்தக் காலத்தில் யாருமே நூலகத்துக்கு வருவதில்லை என்று மிகவும் வருத்தப்பட்டார். மேடையில் இருந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மூன்றாவது வரிசையில், இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மடித்த காகிதத்தைக் கையில் பிடித்தபடி அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார்.

எட்டு மணிக்குப் பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவர் சட்டென்று எழுந்து அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டார். அவர் ஏறி வந்து, மைக்கின் முன்னால் நின்று, காகிதத்தைப் பிரித்து, வாயைத் திறந்தார். அந்த நொடியில் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. பிளாஷ் அடித்தது. தலைவர் மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "பொறவு பேசலாம்மா, அய்யாவுக்கு நேரமாச்சு" என்றார். பிள்ளைகள் கைதட்டின. செயலாளராகிய நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். செத்த நேரம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் செய்தி வந்தது. படமும் அதே படம்தான். கையில் காகிதமும் திறந்த வாயுமாக, நிஜமாகவே அவர் நன்றி சொல்லிக்கொண்டிருப்பது போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மனு எழுதிக்கிட்டுப் பதிவாளர் ஆபீசுக்குப் போனேன் சார். பேப்பர் கட்டிங்க எடுத்து முன்னால வச்சிட்டாக. நீங்களே நன்றி சொல்லிட்டு இப்ப மனுவக் குடுத்தா எப்பிடிம்மான்னு கேக்காக. நான் வாயே தொறக்கலையே சார். நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

"ஆமாம்மா."

"யாரு சார் இப்பிடி எழுதுனது?"

"பேப்பர்காரனுகதாம்மா. வாய்க்கு வந்தத எழுதுவானுக" என்றேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. அவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்.

அவர் அதை அப்படியே நம்பினார். "அப்பன்னா நீங்க ஒரு லெட்டர் மட்டும் குடுங்க சார். அன்னைக்கு அவ பேசவே இல்லன்னு ரெண்டு வரி. மன்றத்துச் செயலாளர் சொன்னா அம்புட்டுப் பேரும் கேப்பாக."

தலைவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? அடுத்த வாரம் அந்தப் பெண் இரண்டு முறை போன் செய்தார். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் தேதி சொன்னபடியே வெளியாட்களை நான்கு மணிக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லிச் செயலாளர் பதவியிலிருந்து விலகிக்கொண்டேன். அதற்கும் வீடு தேடி வந்து ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் அந்தப் பெண் இன்றும் எழுந்து நின்று வணக்கம் சார் என்கிறார். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். பரீட்சை என்னம்மா ஆச்சு என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.