மஞ்சள் வைத்த கல்யாணச் சான்றிதழும் 246 கிலோமீட்டரும்

திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலில் 82 கிலோமீட்டர். ஆடிப் பரணி அன்று இந்தத் தூரத்தை நான் மூன்று முறை கடந்தேன். போனேன், வந்தேன், மறுபடி போனேன். கூட்டினால் 246. வழக்கமாக இந்த வலைப்பூவில் கோவில், குளம், எந்தக் கடையில் பொங்கல் நன்றாக இருக்கும் என்று எழுதுகிறவன் நான். இந்த முறை இரண்டு அரசு அலுவலகங்களுக்குப் போய் வந்த கதை. கல்யாணமான மகளுக்குப் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற அலையும் அப்பா யாராவது இதைப் படித்தால், நான் செய்த மடத்தனத்திலிருந்து தப்பிக்கலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டாவது முயற்சியில். திருவாலங்காடு பக்கம் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே மகள் சுகன்யா. மூன்று வருடம் முன்பு நம் மலைக்கோவிலில்தான் கல்யாணம் நடந்தது. கீழே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தோம். இப்போது புருஷனோடு ஜெர்மனியில் இருக்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்புக்காக மூன்று வாரம் வந்திருந்தாள். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளோ அங்கேதான் பெற்றுக்கொள்வேன், அவரும் கூட இருப்பார் என்று சொல்லிவிட்டாள்.

அங்கே பிள்ளை பிறந்தால் குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்களாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். மகளின் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் பெயர், முனிரத்தினம், இருந்தது. மருமகன் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர், தணிகாசலம். மூன்று பேருக்கும் ஒரே பெயராக இருந்தால் அங்கே தாள்களில் குழப்பம் வராது என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். ஆக, என் பெயர் போய் என் சம்பந்தி பெயர் வரப்போகிறது. கல்யாணத்தன்று சாம்பாரில் உப்பில்லை என்று பந்தியிலேயே எழுந்து சொன்ன அதே சம்பந்தி.

"உங்க பேரை எடுத்துட்டு அவரு பேரைப் போட, நீங்களே பேனா வாங்கினு போறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

சிரிக்க முடியாத விஷயம் வேறு இருந்தது. மருமகன் அவசரப்பட்டு, திரும்பிப் போகும் டிக்கெட்டைப் புதுப் பெயரிலேயே போட்டுவிட்டார். பாஸ்போர்ட் அலுவலகம் போகும் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் விமானம். டாக்டர் சீட்டு காட்டினால் கர்ப்பிணியை ஏற்றிக்கொள்ளும் கடைசி வாரம் அது. அதற்குள் புதுப் பாஸ்போர்ட் வராவிட்டால் அவள் போக முடியாது. பிள்ளை பிறக்கும்போது புருஷன் ஒரு தேசம், இவள் ஒரு தேசம்.

காலை 5.40 ரயிலில் நானும் சுகன்யாவும். டிக்கெட் ஆளுக்கு 20 ரூபாய். எதிர்த் திசையில் வந்த ரயில்களில் ஜன்னல் வழியாகக்கூட மஞ்சள் துணி தெரிந்தது. மறுநாள் ஆடிக் கிருத்திகை அல்லவா, காவடிக் கூட்டம். சென்னையில் இறங்கி, ஆட்டோவுக்கு 250 கொடுத்து, 9.30 மணி பாஸ்போர்ட் அலுவலக அப்பாயின்ட்மென்ட்டுக்கு 9 மணிக்கே போய்விட்டோம். தட்கால் கட்டணம் 3,500 முன்பே கட்டியாகிவிட்டது. விண்ணப்பிப்பவரை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். மாசமாக இருக்கிற பெண் என்று சொன்னதால் துணைக்கு என்னையும் விட்டார்கள்.

முதல் கவுண்டரில் போட்டோ, கைரேகை. வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரை இருந்ததால் ஒவ்வொரு முறை கையை வைக்கும்போதும் கலகலவென்று சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்கு ஆயுள் இருபது நிமிடம்.

இரண்டாவது கவுண்டரில் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. கல்யாணச் சான்றிதழை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னங்க மஞ்சளா?"

"மங்களகரமா இருக்கட்டும்னு நாலு மூலையிலயும் வெச்சேங்க."

"நாலு மூலையில மட்டுமா வெச்சீங்க? பதிவு நம்பரே தெரியலையே. கையெழுத்து மேல பெருசா ஓடியிருக்கு."

ஓடித்தான் இருந்தது. சான்றிதழ் கைக்கு வந்த அன்று மஞ்சளைக் குழைத்து வைத்தேன். மலைக்கு எடுத்துப் போய் முருகன் காலடியில் வைத்துத் தரச் சொன்னேன். அபிஷேகத் தண்ணீர் பட்டு மஞ்சள் வழிந்தது. இனி ஒரு சொட்டும் படக்கூடாது என்று கீழே வந்ததும் முதல் வேலையாக 30 ரூபாய் கொடுத்து லேமினேட் போட்டேன். மஞ்சளோடு சேர்த்து. பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில் அதற்குப் பிறகு யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அதிகாரி கோபப்படவில்லை. இதை வைத்து முடியாது, நாளை காலை பத்து மணிக்குள் தெளிவான நகல் கொண்டுவந்தால் இதே விண்ணப்பத்தில் முடித்துவிடலாம், இல்லையென்றால் புதிதாக நாள் வாங்க வேண்டும் என்றார். அடுத்த காலி நாள் ஒன்பது நாள் கழித்து. அப்புறம் அச்சடித்து, தபாலில் வந்து... கணக்குப் போட எனக்குப் பத்தாம் வகுப்பே போதும். விமானம் போய்விடும்.

சுகன்யா செல்போனில் பதிவுத்துறை இணையதளம் வழியாக நகல் எடுக்கப் பார்த்தாள். ஓடிபி வந்தது. எங்கே வந்தது? பதிவின்போது நான் கொடுத்த நம்பருக்கு. அந்த போனைக் கரும்புக் காட்டில் தொலைத்து இரண்டு வருடம் ஆகிறது.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. நாளைக்குக் கிருத்திகை, எங்கள் பக்கம் அரசு அலுவலகங்களுக்கு உள்ளூர் விடுமுறை. நகல் வேண்டுமென்றால் இன்று ஐந்து மணிக்குள் திருத்தணியில் இருக்க வேண்டும். சொன்னதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நைனா, வேணும்னே பண்ணியா?"

"இன்னாம்மா கேக்குற?"

"உன் பேரை எடுக்கக்கூடாதுன்னு. நான் போகக்கூடாதுன்னு."

அயனாவரத்தில் என் தங்கை வீட்டில் அவளை விட்டுவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

11.15 ரயில், அரக்கோணம் வரைதான் போகும். நிற்க இடமில்லை. ஒரு காவடியின் மயிலிறகு என் மூக்கில், இன்னொருவர் பால்குடம் என் முழங்காலில். மணவூரில் ரயில் நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நாற்பது நிமிடம். பெட்டியே அரோகரா என்றது. நானும் சொன்னேன், எனக்கு வேண்டியது சிக்னல்.

அந்த நாற்பது நிமிடத்தில் மகள் கேட்டதற்கு எனக்குள் பதில் தேடினேன். மஞ்சள் வைத்தது மூன்று வருடம் முன்பு. அப்போது பெயர் மாற்றும் பேச்சே இல்லை. ஆகவே வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அந்த அதிகாரி முடியாது என்றபோது எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது உண்மை. ஒரு நொடிதான். இங்கேயே இருப்பாள், பிள்ளை நம் வீட்டில் பிறக்கும் என்று. அடுத்த நொடி அவள் முகத்தைப் பார்த்தேன், அது ஓடிப் போனது. ரயில் நின்றதைவிட, ஐந்து மணி நெருங்கியதைவிட, அந்த ஒரு நொடிதான் எனக்கு அதிகப் பயம் தந்தது. ஒருவேளை போய்ச் சேராவிட்டாலும் பரவாயில்லை என்று என் கால்கள் மெதுவாக நடந்துவிடுமோ என்று பயந்தேன். அதனால் அரக்கோணத்தில் இறங்கியதும் ஓடினேன். என் உடம்புக்கு அது ஓட்டம்.

மணி 2.05. திருத்தணிக்கு அங்கிருந்து 13 கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஒரு பாய், என் வயதிருக்கும். போக வர 800 என்றார். பேரம் பேசவில்லை.

"இன்னாண்ணே, காவடியும் இல்ல, மொட்டையும் இல்ல. மலைக்கு எதுக்கு?"

"மலைக்கு இல்ல பாய். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு."

"ஊரே அரோகரான்னு போய்கினு இருக்குது, நீ ஆபீசுக்குப் போறியா! நெலம் வாங்குறியா?"

"பொண்ணு கல்யாணச் சீட்டு. மஞ்சள் பூசி லேமினேட் போட்டுட்டேன், செல்லாதுன்றாங்க."

வண்டியை ஓட்டிக்கொண்டே சிரித்தார். "நானும் இந்த வண்டி ஆர்.சி. புக்கை தர்காவுல வெச்சு சந்தனம் தடவினேன். ஆனா கவர் மேல தடவினேண்ணே. கவர் மேல!"

ஊருக்கு 2 கிலோமீட்டர் முன்பே தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அங்கே சேரவே 3.20 ஆகிவிட்டது. பாய் அந்த ஆர்.சி. புக் கவரை உருவி என் கையில் கொடுத்தார். "இதுல மடிச்சு வெச்சுகினு வா. உன்னை நம்ப முடியாது. நான் இங்கயே கீறேன்."

3.50க்கு அலுவலகம். பாதி நாற்காலி காலி. ஒரே ஒரு அம்மா கணினி முன்னால் இருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு லேமினேட்டைப் பார்த்தார்.

"யாரு வேலை இது?"

"நான்தாம்மா."

"நல்லா பாடம் பண்ணி வெச்சிருக்கீங்க. பேரு, தேதி சொல்லுங்க."

கணினி சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. 4.20க்கு மின்சாரம் போய் வந்தது. "பொண்ணு போகணும்மா, ஏழு மாசம்" என்று நான் சொன்னது எனக்கே அழுகை போலக் கேட்டது. அவர் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். 4.40க்கு நகல் வந்தது. எல்லாம் சேர்த்து 180 ரூபாய். முத்திரை, கையெழுத்து, வெள்ளைவெளேர் என்று தாள்.

"இதுக்கும் வெச்சுடாதீங்க" என்றார்.

இனிமேல்தான் உண்மையான பயணம். தாளை மடித்துக் கவரில் வைத்து, கவரைச் சட்டைக்குள் விட்டு, இரண்டு கையாலும் நெஞ்சை அணைத்துக்கொண்டு நடந்தேன். எதிரே மொத்த ஊரும் மஞ்சள் தண்ணீரில் நனைந்து வருகிறது. ஒருவர் பன்னீர் தெளிக்கிறார். ஒருவர் விபூதித் தட்டோடு வருகிறார். ஓர் அக்கா குங்குமக் கையோடு, "சாமி, நெத்தியைக் காட்டு" என்று வழிமறித்தார். தலையை மட்டும் நீட்டினேன், உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டு. நெஞ்சுவலி என்று நினைத்து இரண்டு பேர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்கள். தண்ணீர்! அவர்களிடமிருந்தும் தப்பி ஓடினேன். முருகனை நான் பார்க்காமல் திரும்பிய ஒரே பரணி அதுதான். மலையைப் பார்த்து மனதுக்குள், நீயும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பா என்று கேட்டுக்கொண்டேன்.

5.25க்கு பாய் ஆட்டோ. அரக்கோணம், ரயில், தங்கை வீடு. மறுநாள் காலை 9.30க்கு அதே கவுண்டர். அதிகாரி தாளைப் பார்த்தார், தலையசைத்தார். பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் கத்தரியால் மூலையை நறுக்கினார். அந்தச் சத்தத்தில் என் உயிர் பாதி போனது. ரத்து செய்து திருப்பிக் கொடுப்பது வழக்கம்தானாம், யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. புதியது ஆறாம் நாள் தபாலில் வந்தது. சுகன்யா தணிகாசலம்.

விமானம் காலை 9.40க்கு. அங்கே தங்க அனுமதி தரும் அவளுடைய ஜெர்மனி அட்டையில் பழைய பெயர், பாஸ்போர்ட்டில் புதுப் பெயர். அட்டையை அங்கே போய்த்தான் மாற்ற முடியும். விமான நிலைய வாசலில் பைகளை இறக்கியதும் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கி கேட்டியே. வேணும்னு பண்ணல. ஆனா அந்த பாஸ்போர்ட் ஆபீசர் முடியாதுன்னப்போ ஒரு நொடி சந்தோஷமா இருந்துச்சும்மா."

அவள் வளையலைத் தள்ளிக்கொண்டே நின்றாள். பிறகு, "எனக்கும்தான் நைனா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றேன். 8.05க்கு போன் வந்தது. "முடிஞ்சுது. இமிக்ரேஷன் ஆபீசரு ரெண்டு பாஸ்போர்ட்டையும் பார்த்தாரு. பழைய பேர்ல இருக்கிற முனிரத்தினம் யாருன்னு கேட்டாரு. எங்க நைனான்னு சொன்னேன். முத்திரை குத்திட்டாரு."

அங்கே அவளுடைய அட்டையில் பெயர் மாறி வந்தது போன வாரம்தான். அதுவரை இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இனி உங்களுக்கு. பெயர் மாற்ற முடிவு செய்தால், புதுப் பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை டிக்கெட்டைப் புதுப் பெயரில் போடாதீர்கள். மூலை வெட்டிய பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், புதியதோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணச் சான்றிதழுக்கு இரண்டு நகல் வாங்கி வையுங்கள், லேமினேட் வேண்டாம். பதிவில் இருக்கும் போன் நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணமெல்லாம் நான் கொடுத்தது, நீங்கள் போகும்போது மாறியிருக்கலாம். ஆடிக் கிருத்திகையை ஒட்டித் திருத்தணியில் எந்த அலுவலக வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பஸ்ஸில் வந்தால் கனகம்மாசத்திரம் தாண்டி வண்டி நகராது. மஞ்சள் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஜெராக்ஸில் வையுங்கள்.

அந்தப் பழைய லேமினேட் இப்போது எங்கள் வீட்டுச் சாமிப் படங்களுக்கு நடுவே இருக்கிறது. அதில் அவள் இன்னும் மு. சுகன்யாதான். வெள்ளிக்கிழமை தோறும் என் மனைவி அதற்கும் சேர்த்தே மஞ்சள் வைக்கிறாள். இனி எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம்.