இடது சீட்டில் ஒருத்தி

நான் மாங்காய் வியாபாரி. கதை எழுதிப் பழக்கமில்லை. பேர் அப்துல் ஹமீது, ஊர் இராஜபாளையம். இதில் ஒரு வரியைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பாதிக்கு என் மனைவி ஆரிபா சாட்சி. மீதிக்கு ஒரு தெருவே சாட்சி. நேரத்தையெல்லாம் அன்றன்றைக்கே காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறேன்.

1988 மார்ச். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு அடிவாரத்தில் மூன்று மாந்தோப்புகளைக் குத்தகைக்குப் பிடித்திருந்தேன். தினமும் காலையில் போய் சாயங்காலம் திரும்ப வேண்டும். மம்சாபுரம் தாண்டிவிட்டால் பாதை என்று ஒன்று கிடையாது. ஓடை மணலும் உருண்டைக் கல்லும்தான். என் மோட்டார் சைக்கிள் இரண்டு முறை என்னைக் கீழே தள்ளிவிட்டது. இனி ஜீப்தான் என்று முடிவு செய்தேன். புதுசுக்கு வழியில்லை. பழசுதான் தேட வேண்டும்.

மெக்கானிக் பால்ச்சாமியைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று பார்த்தோம். மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது. பார்க்க ஜம்மென்று நின்றது. "பெட்ரோல் வண்டி பாய். தெனம் ஓட்டுனா உங்க மாங்காய் அம்புட்டையும் அதுவே தின்னுரும்" என்றார் பால்ச்சாமி. இன்னொன்றில் அடிச்சட்டம் வளைந்திருந்தது. மூன்றாவதுதான் இது. டீசல். பச்சை நிறம். அவர் அடியில் படுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் பட்டைகளைத் தட்டினார். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டு, ஓடை மணலில் இறக்கி ஏற்றினார்.

"முன் பம்பர் மட்டும் புதுசு. மத்தபடி ஒரு கொறையும் இல்ல. எடுங்க பாய்" என்றார்.

விற்றவர் சௌந்தரபாண்டியன். ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமத்தில் ஜல்லி உடைக்கும் கிரஷர் வைத்திருந்தார். நன்றாக ஓடுகிற வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வரச் சொல்லிவிட்டு, அவர் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார். கேட்டதற்கு, ஓட்ட ஆள் இல்லை என்றார். சாவியைத் துண்டில் முடிந்து நீட்டினார். கையால் தொடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு பாய். என்ன ஆனாலும் இந்த வண்டிய எங்க ஊர்ப் பக்கம் கொண்டாந்துராதீக."

எனக்கு அங்கே என்ன வேலை? சரி என்றேன்.

முதல் நாள் சாயங்காலம். தோப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மம்சாபுரம் தாண்டியிருப்பேன். வண்டிக்கு அடியில் ஒரு சத்தம். கரக்... கரக்... தகர வாளி ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது மாதிரி. சைலன்சர் கழன்றுவிட்டது என்று நினைத்து நிறுத்தினேன். குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வாட்ச் 6.40 காட்டியது.

மறுநாளும் 6.40. அதற்கு மறுநாளும். பால்ச்சாமி ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் தடவித் தடவிப் பார்த்தார். "அடியில சத்தம் வாரதுக்கு ஒண்ணுமே இல்லியே பாய்" என்றார். ஆனால் வேறொன்றைக் கண்டுபிடித்தார். வண்டி இடது பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்து நின்றது. யாரோ அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

ஆறாவது நாள், ஆரிபாவை அவள் அக்கா வீட்டிலிருந்து கூட்டிவர ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அவள் முன்னால் ஏறவில்லை. தானாகவே பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் ஒரு பேச்சு இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள்.

"அந்தம்மா எங்க எறங்குனாங்க?"

"எந்தம்மா?"

"முன்னால உக்காந்து வந்தாங்கல்ல... மடியில தூக்குவாளி வச்சுக்கிட்டு."

அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விளையாடவில்லை.

மறுநாள் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு ஆலங்குளம் பக்கம் போனேன். சௌந்தரபாண்டியனையே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வது என்று முடிவு. அந்த ஆளின் பேச்சு நினைவிருந்தது. அதனால் ஊருக்கு வெளியே, டீக்கடை முன்னால் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் இழுத்தேன். கியரிலேயே விட்டேன். சாவி என் கையில். அங்கிருந்து அவர் வீட்டுக்குத் தெரு மேடேறிப் போகும். நடந்தே போனேன்.

சௌந்தரபாண்டியன் வாசல் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். வெளிச்சம் மங்கியிருந்தது. எதிர் வீடுகளில் ஆட்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டி எங்க?" இதுதான் அவருடைய முதல் கேள்வி.

"ஊருக்கு வெளிய நிக்கி."

அவர் முகம் வெளுத்தது. "கொண்டாந்துட்டீரா..."

அப்போது கேட்டது.

கரக்...

கீழே, தெருமுனையில்.

கரக்... கரக்...

திரும்பினேன். ஜீப் வந்துகொண்டிருந்தது. மேட்டில். இஞ்சின் சத்தம் இல்லை. விளக்கு இல்லை. ஸ்டியரிங்கில் யாரும் இல்லை.

இடது சீட்டில்...

நான் ஒரு நொடிதான் பார்த்தேன். தலை குனிந்திருந்தது. மடியில் வாளி.

எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சௌந்தரபாண்டியன் ஓடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். அந்த சீட்டைப் பார்த்துப் பேசினார்.

"நான் ஓட்டல தாயி... நான் ஓட்டல..."

ஜீப் அவரைச் சுவரோடு சேர்த்து மோதியது.

பின்னால் வந்தது. தானாக. மெதுவாக.

நின்றது.

மறுபடியும் முன்னால் போனது.

மணி 6.40.

போலீஸ் வந்தது. சாவி என் கையில் இருந்ததையும் நான் முற்றத்தில் நின்றதையும் தெருவே சொன்னது. வண்டியைச் சோதித்தார்கள். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே இருந்தது. கியரிலிருந்து கழலவும் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் விபத்து என்று எழுதினார்கள். இருபது நாள் கழித்து வண்டியை என்னிடமே கொடுத்தார்கள்.

மறுவாரம் ஒரு பெண் வீடு தேடி வந்தாள். பேர் சுடலையம்மாள். அந்தக் கிரஷரில் கல் சுமக்கிறவள். காப்பி வேண்டாம் என்றாள். வண்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். பானட்டில் கையை வைத்துக்கொண்டே பேசினாள்.

"எங்கக்கா இசக்கியம்மாளும் அங்கதான் பாய் வேல பாத்தா. வெடி வச்சதுல ஒரு ஆளு மண்ணுக்குள்ள போயிட்டான். ஆளே வேலைக்கி வரலைன்னு மொதலாளி சாதிச்சாரு. கண்ணால பாத்தது அக்கா ஒருத்திதான். மறுநா கோர்ட்டுல சொல்லுதேன்னு சொல்லியிருந்தா."

அவள் அழவில்லை.

"அன்னைக்கி ஆறரை தாண்டி வேல விட்டு வாரப்ப இந்த ஜீப்ப விட்டு அடிச்சாக. விழுந்துட்டா, உசுரு இருந்துச்சு. 'பின்னால எடுத்து இன்னொருக்க ஏத்துறா'ன்னு சொன்னது மொதலாளி. ஆடு மேய்க்கிறவரு முள்ளுக்குள்ள இருந்து பாத்திருக்காரு. தூக்குவாளி அடியில மாட்டிக்கிட்டு கிரஷர் கேட்டு வரைக்கும் இழுபட்டுப் போச்சு. கேஸுல லாரி அடிச்சதுன்னு எழுதிட்டாக."

"ஏத்துறான்னா... யார்கிட்ட சொன்னாரு?"

"ஓட்டுனவன்கிட்ட. மொதலாளி பக்கத்து சீட்டுல இருந்தாரு. ஓட்டுனவன் மறுநாளே ஊர விட்டுப் போயிட்டான். பேரு தெரியல. உங்க இராஜபாளையத்துல எங்கயோ இருக்கான்னு பேசிக்கிட்டாக."

போகும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "வண்டிய வித்துருவீகளா பாய்?"

விற்கத்தான் நினைத்திருந்தேன். ஆரிபா தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு, "இல்ல" என்று என் வாய் சொல்லிவிட்டது.

இதை எழுதுவது 1990 மே. இரண்டு வருடமாக அதே ஜீப்பைத்தான் தினமும் ஓட்டுகிறேன். 6.40க்கு அந்தச் சத்தம் கேட்கிறது. எனக்கு ஒரு கெடுதலும் இல்லை. தோப்பிலிருந்து நேராக வீட்டுக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தெரு வழியாகப் போகிறேன். ஏன் என்று ஆரிபா கேட்டாள். சும்மாதான் என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை, ஒரு நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கும் தெரு. இஞ்சின் தானாக நின்றது.

வாசலில் ஒரு ஆள் சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இடது பக்கம் பார்த்தான். செயினை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

இன்று காலையில் அந்தத் தெரு முனைக் கடையில் விசாரித்தேன். "குடி வந்து ரெண்டரை வருசம் இருக்கும் பாய். யார்கூடயும் பேச மாட்டான். முன்ன ஆலங்குளம் பக்கம் ஒரு கிரஷர்ல ஜீப் ஓட்டுனானாம்" என்றார் கடைக்காரர்.

அந்தத் தெருப் பக்கம் போகாதீர்கள் என்று ஆரிபா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

இப்போது மணி 6.15. சாவியை எடுத்துவிட்டேன்.