செவிலிமேட்டுக்கு வராத மருந்து

கோயில், பட்டு, இட்லி என்று தேடி இந்த வலைப்பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். போன மாதம் நான் காஞ்சிபுரம் போனது மணி மாமாவைப் பார்க்க. என் பெரியம்மா மகள் அமுதா அக்காவின் கணவர். ஐயம்பேட்டை வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மஞ்சள் காமாலை முற்றி, ஈரல் திடீரென்று வேலையை நிறுத்திவிட்டது.

பூந்தமல்லியில் காலை ஆறரைக்குப் பேருந்து ஏறினால் எட்டேகாலுக்குக் காஞ்சிபுரம். சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஜன்னலோரம்தான் கிடைத்தது, எதையும் பார்க்கவில்லை.

ஆட்டோ ஸ்டாண்டில், மாமாவைச் சேர்த்திருந்த செவிலிமேட்டு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னதும் டிரைவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ மணி அண்ணன் கொழுந்தியாதானே? மருந்து கொண்டாந்துட்டியாமா?"

தூக்கிவாரிப் போட்டது. நான் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஈரலை மறுபடி வளரத் தூண்டும் புரதங்களை, வளர்ச்சிக் காரணிகள் என்போம், எலிகளுக்கு ஊசியில் செலுத்துகிறோம். பிறகு ஈரலைக் கெடுக்கும் விஷத்தைக் கொடுத்தாலும் பல எலிகள் தாக்குப்பிடிக்கின்றன. பொங்கலன்று இதைச் சொன்னபோது மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், பாவி மனுஷன்.

இல்லை அண்ணா என்று நான் சொன்னது இரைச்சலில் போயிற்று. வண்டி பறந்தது.

"வழி வுடுபா, அண்ணனுக்கு மருந்து போய்க்கினு இருக்குது!"

ஐ.சி.யூ. வாசலில் அக்கா முதலில் என் பையைத்தான் பார்த்தாள்.

"மனுஷனுக்கு இன்னும் போட்டுப் பாக்கலக்கா. எலிக்குமே ஈரல் கெடறதுக்கு முன்னாடி போட்டாத்தான் கேக்குது."

"கெடும்னு முன்னாடியே யாருக்குமா தெரியும்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெளியே டிரைவர் போகாமல் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எலிக்கு வச்சிருக்கறதுல கொஞ்சம் குடுமா. இப்பவே மெட்ராஸுக்கு வண்டிய எடுக்கறேன், போயி எடுத்தாந்துடலாம்."

நடுரோட்டில் நின்று அழுதேன். மாமா அன்று சாயங்காலமே போய்விட்டார்.

வளர்ச்சிக் காரணி ஒரு நாள் மனிதருக்கும் உதவலாம். அதுவரை இதை மட்டும் நினைவில் வையுங்கள். காமாலை வந்தவர் பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, அது அசதி இல்லை, ஈரல் கைவிடுகிறது. ஈரல் மாற்றுச் சிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றே கிளம்புங்கள். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை இரண்டு மணி நேரம்தான். மாமா வீட்டில் இரண்டு நாள் அப்படித்தான் தூங்கினார். நன்றாகத் தூங்கட்டும், உடம்பு தேறும் என்று அக்கா டிவியை அணைத்துவிட்டு, பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டாள்.